நடுவாளுக்கு ஒரு பக்கெட்

போன மாதம் ஒரு காலை, நாஷ்டா முடித்துத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஹேமா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றதும் என் நாற்காலிக்கு வந்தவள். அவளுக்கு இரண்டு சந்தேகங்கள். பழைய பொருள் பதிவேட்டில் வருஷா வருஷம் 'சாக்பீஸ் ஒரு பெட்டி, விசில் ஒன்று' என்று எழுதியிருக்கிறதாம். கூலி விவரம் எடுக்கிற அலுவலகத்துக்கு விசில் எதற்கு என்று தணிக்கையில் கேட்கிறார்களாம். அது முதல் சந்தேகம். இரண்டாவது, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் உள்ள ஒரு பக்கெட் கம்பெனிக்கு எப்போதும் நூறு என்று வரும் எண் இந்த வருஷம் நூற்றுக்குக் கீழே இறங்கிவிட்டதாம். ஏன் சரிந்தது என்று தலைமை அலுவலகம் காரணம் கேட்கிறது. டேப்லெட்டில் தப்பாகத் தட்டிவிட்டோமோ, பேசாமல் நூறு என்று திருத்திவிடலாமா என்று கேட்டாள்.

திருத்தித் தொலைக்காதே, யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். யோசிக்க ஒன்றும் இல்லை. இரண்டு சந்தேகத்துக்கும் பதில் ஒன்றுதான். ஆனால் அதைப் போனில் சொன்னால் என்னைப் பைத்தியம் என்று நினைப்பாள். எழுதினால் கொஞ்சம் மரியாதை இருக்கும் என்று எழுதுகிறேன்.

என் வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் சொந்த மாமியாருக்கே அது கடைசிவரை புரியவில்லை. அரசாங்கம் குறைந்தபட்சக் கூலி என்று ஒன்றை வைத்திருக்கிறது. அதற்குக் கீழே யாருக்கும் கொடுக்கக் கூடாது. அந்தக் கூலி, ஊரில் ஒரு சாதாரண ஆள் வாங்குகிற கூலியில் எத்தனை பங்கு என்று பார்ப்பதுதான் எங்கள் பிரிவின் வேலை. சாதாரண ஆள் வாங்குவதை நூறு என்று வைத்துக்கொண்டால், சட்டம் சொல்லும் அடிக்கூலி அதில் ஐம்பதா, அறுபதா, எண்பதா? அந்த எண்ணைக் கம்பெனி வாரியாக எடுத்து மேலே அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். இதற்கு இருபத்தொன்பது வருஷம் போயிற்று.

அதில் பாதி, ரயிலில் போயிற்று. வீடு வேப்பம்பட்டு. அலுவலகம் திருவள்ளூர். கம்பெனிகள் கும்மிடிப்பூண்டி. மூன்றும் ஒரே மாவட்டம் என்று வரைபடம் சொல்லும். ரயில் அப்படிச் சொல்லாது. வேப்பம்பட்டிலிருந்து சென்னைப் பக்கம் போய், பேசின் பிரிட்ஜில் இறங்கி, வேறு வண்டி பிடித்து, மறுபடி வடக்கே ஏறிப் போக வேண்டும். சொந்த வீட்டின் கொல்லைப்புறத்துக்குத் தெருவைச் சுற்றிப் போகிற கதை. பேசின் பிரிட்ஜ் நடைமேடையில் டீ விற்பவர் என் பிள்ளைகளின் மார்க் வரைக்கும் விசாரிப்பார்.

பயிற்சி ஆறு மாதம். படிவத்தை நீல மையில் நிரப்ப வேண்டும், கம்பெனிக்காரர்கள் தரும் ஸ்வீட் பாக்கெட்டை வாங்கக் கூடாது என்ற இரண்டைக் கற்றுக்கொண்டேன். முதலாவதைத் தவறாமல் கடைப்பிடித்தேன்.

சாதாரண ஆள் யார் என்பதில்தான் எங்கள் அதிகாரி பரமசிவம் சார் வருகிறார். திருவாலங்காட்டுக்காரர். நெல் நிலம் உண்டு. அரசு வேலைக்கு வருமுன் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர். அந்தப் பழக்கம் அவரை விடவே இல்லை. அலுவலகத்தில் அட்டெண்டன்ஸ் கையெழுத்துக்குக்கூட உயரப்படி நிற்கச் சொல்லுவார். கோபம் வராது, குரல் உயராது. ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார். ஒருமுறை கேன்டீனில் வடை ஏன் சின்னதாகிவிட்டது என்று கேட்டு, பதில் வரும்வரை கல்லாவின் முன்னால் அரை மணி நேரம் நின்றார்.

அவருக்குச் சராசரி என்றால் ஆகாது. ஒரு காலத்தில் எல்லாரையும் போல நாங்களும் மொத்தக் கூலியை ஆட்களால் வகுத்துச் சராசரி எடுத்தோம். ஒரு கம்பெனியில் டைரக்டரின் சம்பளமும் அதே பட்டியலில் இருந்தது. சராசரி எங்கேயோ போய் நின்றது. அதை அங்கே வேலை செய்கிறவர்களிடம் சார் படித்துக் காட்டியதும் லோடு ஏற்றுகிற பெரியவர் ஒருவர் கையைத் தூக்கி, அந்தச் சராசரி யாரு சார், அவராண்ட என் பங்கு கொஞ்சம் மாட்டிக்கினு இருக்கும் போல, வாங்கிக் குடுங்க என்றார். சாருக்குப் பதில் தெரியவில்லை. வழக்கப்படி அங்கேயே நின்றார். அன்றிலிருந்து சராசரியைக் கைவிட்டு நடுவாளைப் பிடித்தார்.

நடுவாளைப் பிடிக்கும் முறை இது. தரையில் சாக்பீஸால் ஒரு நீளக் கோடு போட வேண்டும். கூலிப் பதிவேட்டைப் பார்த்து, குறைவாக வாங்குபவரை இடது முனையில், அதிகமாக வாங்குபவரை வலது முனையில், மற்றவர்களை இடையில் வரிசையாக நிறுத்த வேண்டும். சார் ஒரு விசில் ஊதுவார். இடது முனையிலிருந்து ஒருவர், வலது முனையிலிருந்து ஒருவர் வெளியே போய்விட வேண்டும். மறுபடி விசில், மறுபடி இருவர். இப்படியே போய்க் கடைசியில் ஒற்றை ஆள் கோட்டில் நிற்பார். அவர்தான் நடுவாள், அதாவது அந்தக் கம்பெனியின் சாதாரண ஆள். அவருடைய கூலிதான் எங்கள் கணக்குக்கு வேண்டும். பதிவேட்டை மேஜையில் வைத்து எண்ணினாலே ஐந்து நிமிஷத்தில் கிடைக்குமே சார் என்று நான் ஒருமுறை சொன்னேன். "காகிதத்துல எண்ணினா எண் கிடைக்கும் சரோஜா. ஆள் கிடைக்க மாட்டான்" என்றார். விசில் வாங்கக் குறிப்பு எழுதினேன்.

முதல் கம்பெனியிலேயே வினை ஆரம்பித்தது. அது பெயிண்ட் டப்பா செய்யும் இடம். கோடு போட்டு, விசில் ஊதி, ஒவ்வொரு ஜோடியாக வெளியேற்றி, கடைசியாக தேவராஜ் என்று ஒருவர் தனியாக நின்றார். சுற்றி இருந்தவர்கள் கைதட்டினார்கள். மேனேஜர், ஆயுத பூஜைக்கு நடத்தும் மியூசிக்கல் சேர் போல ஏதோ அரசாங்கப் போட்டி என்று நினைத்துக்கொண்டு, ஸ்டோர் ரூமில் மிச்சமிருந்த ஒரு சிவப்பு பக்கெட்டை தேவராஜுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டார். நாங்கள் தடுப்பதற்குள் போட்டோவும் எடுத்தாகிவிட்டது.

அவ்வளவுதான், மறுநாள் காலை ரயிலில் செய்தி தொழிற்பேட்டை முழுக்கப் போய்விட்டது. அடுத்த கம்பெனி, கம்பி இழுக்கும் கம்பெனி. நாங்கள் உள்ளே நுழையும்போதே எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. முனையில் நிற்க ஒருவரும் தயாரில்லை. எல்லாரும் நடுவில். கிரேன் ஓட்டுகிறவர் நல்ல கூலி வாங்குகிறவர். அவர் என் காதருகே வந்து, மேடம், இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் என் சம்பளத்தக் கொஞ்சம் கொறச்சிப் போட்டுக்குங்க, ஊட்ல பக்கெட் ஒட்சிடுச்சி என்று கெஞ்சினார். கூலி போதவில்லை என்று கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். குறைத்துப் போடச் சொன்னவர் என் பணிக்காலத்தில் அவர் ஒருவர்தான். தள்ளுமுள்ளு தாங்காமல் சார் நீளமாக விசில் ஊதினார். அந்தக் கம்பெனியில் நீள விசில் என்றால் தீ. மேனேஜர் உட்பட மொத்தப் பேரும் ஓடிப் போய் கேட்டுக்கு வெளியே, பிரிவு வாரியாக வரிசையில் நின்றுவிட்டார்கள். கோட்டின்மேல் நானும் சாரும் மட்டும் இருந்தோம். எங்கள் இருவரில் நடுவாள் கிடையாது.

இப்படி ஒரு வருஷம் ஓடிய பிறகு பக்கெட் கம்பெனிக்குப் போனோம். பிளாஸ்டிக் பக்கெட், மக்கு, முறம், குப்பைக்கூடை எல்லாம் செய்வார்கள். பட்டியலில் நாற்பத்தொரு பேர். அத்தனை பேருக்கும் ஒரே பதவிப் பெயர், உதவியாளர். மெஷின் ஓட்டுகிறவரும் உதவியாளர், சரக்கு ஏற்றுகிறவரும் உதவியாளர், சமையல்காரரும் உதவியாளர். யாருக்கு உதவி என்று கேட்டேன். ஒருவருக்கொருவர் மேடம், நாங்க ஒரே ஃபேமிலி என்றார் மேனேஜர். அவர் இனிமையான மனிதர். நல்ல செய்தியையும் கெட்ட செய்தியையும் ஒரே சிரிப்போடு சொல்லுவார். பதிவேட்டைத் திறந்தேன். நாற்பத்தொரு பேருக்கும் ஒரே கூலி. சட்டம் சொல்லும் அடிக்கூலி. பைசா கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

சார் கோட்டைப் போட்டுவிட்டார். யாரை எங்கே நிறுத்துவது? எல்லாரும் சமம். கொஞ்சம் யோசித்தார். டிரில் மாஸ்டர் அல்லவா, சமமாக இருந்தால் உயரப்படி நிறுத்து என்று சொல்லிவிட்டார். அந்தக் கம்பெனியிலேயே குள்ளமானவர் கன்னியம்மா.

கன்னியம்மா கவரைப்பேட்டைப் பக்கத்திலிருந்து வருபவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அவர் பக்கெட் விளிம்பில் பிசிறு சீவிக் கைப்பிடி மாட்டுவார். விரலால் ஒரு தட்டுத் தட்டினாலே அந்த பக்கெட் தண்ணீர் தாங்குமா, ஒழுகுமா என்று சொல்லிவிடுவார். அங்கே பதினாறு வருஷம். கம்பெனியின் பெயர்ப்பலகையே அவருக்குப் பிறகு வந்ததுதான். அவரைக் கொண்டுபோய் இடது முனையில், எல்லாருக்கும் கடைசியில் நிறுத்தினேன். வலது முனையில், எல்லாருக்கும் மேலே, பிரகாஷ் நின்றான். நல்ல உயரம். சேர்ந்து ஒன்பது நாள். கைப்பிடி எந்தப் பக்கம் மாட்டுவது என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே கன்னியம்மாதான்.

கன்னியம்மா கோட்டை ஒருமுறை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தார். ஒரு பக்கெட்டை எடுத்துக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். சார் விசிலை வாய்வரை கொண்டுபோய் நிறுத்தினார்.

"இவன் எனுக்கு மேல நிக்கறதுக்கு ஒரு காரணம் சொல்லு சார். சொன்னா எந்திரிச்சிப் போய் நிக்கறேன்" என்றார் கன்னியம்மா.

"உயரம்மா. வேற ஒண்ணும் இல்ல."

"உயரத்துக்கா கூலி குடுக்கறாங்க?"

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, இன்றைக்குப் பதினொன்றரை வண்டி போச்சு என்று. சாருக்குப் பதில் தெரியவில்லை. நின்றார். நாற்பது பேர் கோட்டில் நிற்கிறார்கள், ஒருவர் பக்கெட்டில் உட்கார்ந்திருக்கிறார், ஓர் அரசு அதிகாரி விசிலைக் கையில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்க்கிறார். மேனேஜர் சிரித்துக்கொண்டே டீ சொல்லி அனுப்பினார். பிரகாஷ், பாவம், முழங்காலை மடக்கிக் குள்ளமாக நிற்கப் பார்த்தான்.

கடைசியில் சார் செருப்பால் கோட்டை அழித்தார். குனிந்து, சாக்பீஸால் பெரியதாக ஒரு வட்டம் போட்டார். எல்லாருக்கும் ஒரே கூலி என்றால் முனை ஏது, நடு ஏது, வட்டத்தில் நில்லுங்கள் என்றார். நாற்பத்தொரு பேரும் வட்டமாக நின்றார்கள். கன்னியம்மாவும் எழுந்து வந்து நின்றார். சார் விசில் ஊதினார். யார் வெளியே போவது என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. மறுபடி ஊதினார். நான்கைந்து பேர் மரியாதைக்கு வட்டத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்தார்கள்.

ஓட்டத்தை நிறுத்திவிட்டு, படிவத்தில் இருக்கிறதே என்று ஒவ்வொருவரின் பணி அனுபவத்தையும் கேட்டு எழுதினேன். வட்டத்தில் வரிசையாகச் சொன்னார்கள். பதினாறு வருஷம். ஒன்பது நாள். பன்னிரண்டு வருஷம். எட்டு மாசம். பதினொரு வருஷம். ஒவ்வொரு பதிலுக்குப் பக்கத்திலும் அதே கூலியை எழுதினேன். பாதி வட்டம் வந்தபோது சிரிப்பு நின்றிருந்தது. பதினொரு வருஷம் என்றவர், ஒன்பது நாள் என்றவனைத் திரும்பிப் பார்த்தார். அவன்மேல் அவருக்குக் கோபமில்லை. தன்மேல்தான் ஏதோ குறை என்பதுபோல முகம் இருந்தது. மேனேஜர் டீ ஆறுகிறது என்றார். ஒருவரும் போகவில்லை.

வட்டத்தில் யாரை வேண்டுமானாலும் நடுவாள் என்று எழுதலாம் என்பதால் சார் கன்னியம்மாவையே எழுதிக் கையெழுத்து வாங்கினார். மேனேஜர் முறைப்படி ஒரு பச்சை பக்கெட்டைப் பரிசாக நீட்டினார். கன்னியம்மா அதை வாங்கித் திருப்பி, விரலால் ஒரு தட்டுத் தட்டி, ரிஜெக்ட்டு சார் இது, அடில கீறல் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு சொன்னார்:

"எனுக்கு பக்கெட்டு வாணாம். ஊட்ல பதினோரு பக்கெட்டு கீது. நாளுக்கு ஒரு ரூபா சேத்துக் குடுங்க. ஒரே ஒரு ரூபா. அடுத்த தபா இவங்க கோடு போட்டா, நான் அந்தாண்டப் போய் நிக்கணும்."

மேனேஜர் அதே சிரிப்போடு, பார்க்கலாம்மா என்றார்.

அந்தக் கம்பெனிக்கு எண் என்ன வரும்? அடிக்கூலி என்னவோ அதுவேதான் நடுவாள் கூலி. நூற்றுக்கு நூறு. மாவட்டத்தில் எந்தக் கம்பெனியும் அந்தப் பக்கமே போனதில்லை. நல்ல கூலி தரும் இடங்களிலெல்லாம் நடுவாள் மேலே நிற்பார், ஆகவே அடிக்கூலி அவரோடு ஒப்பிட்டால் பாதிதான் இருக்கும். தலைமை அலுவலகத்தில் எண்ணை மட்டும் பார்ப்பார்கள். பெரியது நல்லது, சின்னது கெட்டது. இவ்வளவு நல்ல கம்பெனி எங்கே ஒளிந்திருந்தது என்று போன் வந்தது. சார் பதறிப்போய், எல்லாரும் தரையில் நிற்பதால் தரையும் நடுவும் ஒன்றாக இருக்கிறது, தயவுசெய்து பாராட்ட வேண்டாம் என்று ஒரு குறிப்பு எழுதி அனுப்பினார். படிவத்தில் குறிப்புக்கு இடமில்லை என்று அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாராட்டுக் கடிதம் மட்டும் வந்து சேர்ந்தது.

மேனேஜர் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, ஷாமியானா கட்டி, விழாவே எடுத்தார். தொழிலாளர் சார்பில் மூத்தவர் பெற்றுக்கொள்ளட்டும் என்று கன்னியம்மாவை மேடைக்கு அழைத்தார். இரண்டு வார்த்தை பேசும்மா என்று மைக்கையும் கொடுத்தார். அது அவர் செய்த தப்பு. கன்னியம்மா மைக்கை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, இதில் எழுதியிருப்பது நிஜம்தான், எங்களில் கீழே இருப்பவனும் நடுவில் இருப்பவனும் ஒன்றுதான், மேலே இருப்பவனும் அதேதான், அதையும் எழுதச் சொல்லுங்கள், அப்புறம் அந்த ஒரு ரூபா என்னாச்சு என்று கேட்டுவிட்டு இறங்கினார். விருந்தினர்கள் எதற்கென்று தெரியாமல் கைதட்டினார்கள்.

அதற்குப் பிறகு ஆறு மாதம், தொழிற்பேட்டைக்குப் போகும் வண்டியில் பேச்சே அந்த ஒரு ரூபாயைப் பற்றித்தான். ரூபாய் ஹெட் ஆபீசுக்குப் போயிருக்கிறது. எதற்கு ஒரு ரூபாய் என்று கேட்டுத் திரும்பி வந்திருக்கிறது. ஏன் ஒரே ரூபாய் என்று கேட்டு மறுபடி வந்திருக்கிறது. எந்தத் தலைப்பில் கொடுப்பது என்று ஆடிட்டர் யோசிக்கிறார். என்னிடம் வந்து, மேடம், ரூபா எதுவரைக்கும் வந்திருக்கு என்று முன்பின் தெரியாதவர்கள் விசாரித்தார்கள்.

சிரித்துக்கொண்டிருந்த நான், ஒரு நாள் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் கன்னியம்மாவைப் பார்த்ததும் சிரிப்பதை விட்டேன். ஆள் வாடிப்போயிருந்தார். மேனேஜர் தனியாகக் கூப்பிட்டு, பக்கெட்டில் உட்காருகிறவர்கள் வீட்டிலேயே உட்காரலாமே, கேட்டுக்கு வெளியே நூறு பேர் நிற்கிறார்கள் என்றாராம். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாராம்.

"போனா போகட்டும்னு சொல்ல வாய் வரல மேடம். ஊட்ல ரெண்டு உசுரு என் சோத்த நம்பிக்கினு கீது. ஆனா கேட்டுட்டனே. கேட்டத திருப்பி வாங்கிக்கினா, அந்தக் கோட்டுல நான் எங்க நிக்கறது?"

எங்கள் சாக்பீஸால் வந்த வினை. நாங்கள் பாட்டுக்கு விளையாட்டுப் போலக் கோடு போட்டோம், இவர் வேலைக்கே ஆபத்து வந்துவிட்டது என்று எனக்குக் குற்றவுணர்ச்சியாக இருந்தது. அன்று பேசின் பிரிட்ஜில் டீ குடிக்காமலே வந்தேன்.

அடுத்த ஆய்வு நெருங்கியது. மேனேஜருக்கு மறுபடி நூறு வேண்டும், கண்ணாடிச் சட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சட்டம் மாட்ட ஆணிகூட அடித்துவைத்துவிட்டார். ஆனால் கன்னியம்மா, ரூபாய் வராமல் கோட்டில் நிற்க மாட்டேன் என்றார். மற்ற நாற்பது பேரும், கன்னியம்மா நின்றால்தான் நாங்கள் நிற்போம் என்று சொல்லிவிட்டார்கள். கோடு இல்லையென்றால் எண் இல்லை, எண் இல்லையென்றால் சட்டம் இல்லை. பேஜாராகிப்போன மேனேஜர் எங்கள் அலுவலகத்துக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். அந்த அம்மாவுக்கு நாளுக்கு ஒரு ரூபாய் சேர்த்துக் கொடுத்துவிட்டால் எங்கள் நூறு குறையுமா சார் என்றார்.

பரமசிவம் சார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரு ஆளுக்குக் கொடுத்தா நடுவாள் அசைய மாட்டார் சார். நூறு நூறாவே இருக்கும்" என்றார். அப்படியானால் இன்றே ஆர்டர் போடுகிறேன் என்று மேனேஜர் நன்றி சொல்லி வைத்துவிட்டார். ஆறு மாதம் ஹெட் ஆபீசுக்கும் ஆடிட்டருக்கும் அலைந்த ரூபாய், அரை நாளில் வந்துவிட்டது. புதுப் பதவிப் பெயரும் சேர்ந்து வந்தது, மூத்த உதவியாளர்.

சார் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "இருபத்தோரு பேருக்குக் கொடுத்தா அசையும் சரோஜா. அதை அவர் கேக்கல" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அந்த வருஷ ஆய்வுதான் என் கடைசி ஆய்வு. சார் வட்டம் போடவில்லை, நேராகக் கோடு போட்டார். பதிவேட்டைப் பார்த்து நான் பெயர் கூப்பிட்டேன். நாற்பது பேர், எப்படி வேண்டுமானாலும் நின்றார்கள். கன்னியம்மாவின் பெயரைக் கடைசியாகக் கூப்பிட்டேன். அன்றைக்கென்று தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்திருந்தார். நடந்து போய், பிரகாஷையும் தாண்டி, வலது முனையில் தனியாக நின்றார். நின்று, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். எல்லாரும் பார்த்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. விசில் ஊதினால் முதலில் வெளியே போக வேண்டியது முனையில் நிற்பவர். ஒரு வருஷம் போராடிப் பிடித்த இடத்தில் அவர் அரை நிமிஷம்கூட நிற்க முடியாது. சாருக்கும் உறைத்திருக்க வேண்டும். விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நின்றார்.

"ஊது சார்" என்றார் கன்னியம்மா.

ஊதினார். கன்னியம்மா கையை வீசிக்கொண்டு முதல் ஆளாக வெளியே போனார். ஓரத்தில் பக்கெட்டைக் கவிழ்த்து உட்கார்ந்துகொண்டு, மற்ற ஜோடிகள் ஒவ்வொன்றாக வெளியேறுவதைப் பார்த்தார். கடைசியில் நின்றவர் அதே அடிக்கூலிக்காரர். எண் நூறு. மேனேஜர் ஆணியைப் பார்த்துச் சிரித்தார். நான் படிவத்தை மூடும்போது கன்னியம்மா பக்கத்தில் வந்து, இன்னும் எத்தினி பேரு என் பக்கம் வந்தா அந்த நூறு அசையும் மேடம் என்று கேட்டார். எனக்கு முந்திக்கொண்டு சார், இருபது பேர் என்றார். கன்னியம்மா தலையாட்டிவிட்டு வேலைக்குப் போனார்.

ஹேமாவிடம் இதையெல்லாம் சொல்லாமல், நேற்று நானே போன் செய்து ஒன்றே ஒன்று கேட்டேன். அந்தக் கம்பெனியில் இன்னும் நாற்பத்தொரு பேர்தானா, அதில் அடிக்கூலிக்கு மேல் வாங்குகிறவர்கள் எத்தனை பேர்? டேப்லெட்டைத் தடவிப் பார்த்து, ஆமாம் மேடம், நாற்பத்தொண்ணுதான், மேலே வாங்குகிறவர்கள் இருபத்தி மூணு பேர், எல்லாருக்கும் மூத்த உதவியாளர் என்று போட்டிருக்கிறது என்றாள். இருபத்தொன்று போதும். பக்கெட் செய்கிறவர்கள் ரிஜெக்ட் போகும் என்று எப்போதும் இரண்டு உபரி வைப்பார்கள்.

எண் சரிதான், திருத்தாமல் அப்படியே அனுப்பு என்றேன். சரி மேடம், ஆனால் சரிந்ததற்குக் காரணம் எழுத வேண்டுமே, டேப்லெட்டில் அதற்கு இருபது எழுத்துக்குத்தான் இடம் இருக்கிறது என்றாள். எங்கள் காலத்துப் படிவத்தில் அதுகூட இல்லை. தாராளமாகப் போதும் என்று சொல்லி, கன்னியம்மா என்று எழுதச் சொன்னேன்.